குறைபாடு என்னும் சொல்லும் உலோகத்தின் வலிமையும்

குற்றங் காண்டல் திறனாய்வாளன் தொழில் என்பர். குற்றம் என்று பெயரிடப்பட்ட ஒன்று மெய்யாகவே குற்றந்தானா என வினாவுதலும் அவன் தொழிலேயாம். பௌதிக நூல்களிலும் பொறியியல் நூல்களிலும் 'பளிங்குக் குறைபாடுகள்' என்றோர் அதிகாரம் இடம்பெறுகின்றது. உலோகத்தின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கிலே நேரும் பிறழ்ச்சிகளைப் பற்றியது அவ்வதிகாரம். அப்பிறழ்ச்சிகளுக்குக் 'குறைபாடு' என்று பெயர் சூட்டியதனால் மாணவர் உள்ளத்தில் எழும் கருத்து யாது? அக்கருத்து உலோகத்தின் இயல்போடு இயைகின்றதா? இயையாதாயின் எச்சொல் இயையும், எவ்வுவமை பொருந்தும்? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டுகளை ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களிலிருந்தே எடுத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் இரண்டு. தோட்டம் என்றவுடன் கொழுந்தும் கூடையுமே பலர்க்கு நினைவில் எழுகின்றன. ஆயின் இரும்பின்றி ஒருநாளும் நடவாத தொழில் அது. கவ்வாத்துக் கத்தி, முள்ளு, மண்வெட்டி, அலவாங்கு, ஸ்டோரிலே கொழுந்தை உருட்டும் பொறி, தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டு சென்ற புகைவண்டியின் தண்டவாளம் என அப்பட்டியல் நீளும். இஃது ஒரு காரணம். உலோகத்தினுள்ளே அணுக்கள் நிற்கும் நிலையை விளக்குதற்குத் தேயிலை நிரையைப்போல் எளிதும் தக்கதுமாகிய உவமை பிறிதொன்று கிட்டாமை மற்றைய காரணம்.

ஒழுங்கு தரவேண்டிய வலிமை

1912இல் ஜெர்மனியில் லௌவே என்பாரின் வழிகாட்டலில் நடந்த சோதனையும், அதனையடுத்து இங்கிலாந்தில் பிராக் தந்தையும் மைந்தரும் நிகழ்த்திய ஆய்வுகளும், பளிங்குகளின் உள்ளமைப்பை எக்ஸ்-கதிர் கொண்டு அறியும் வழியைத் திறந்தன. உப்பும் வைரமும் மட்டுமன்றிச் செம்பும் இரும்பும் பளிங்கு அமைப்பினவே என்பது அதனால் உறுதிப்பட்டது. ஓர் உலோகத் துண்டு பல சிறு மணிகளால் ஆயது. ஒவ்வொரு மணியினுள்ளும் அணுக்கள் நிரல்நிரலாக, அடுக்கடுக்காக நிற்கின்றன. இவ்வடுக்கின் சட்டத்தையே சாலகம் என்கின்றோம். செம்பிலே அடுத்தடுத்த இரு அணுக்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் ஒரு மில்லிமீற்றரின் நாற்பது இலட்சத்தில் ஒரு பங்கு அளவினதே.

இவ்வொழுங்கு தெரிந்தபின் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் இயலுவதாயிற்று. உலோகம் வளைகின்றது என்றால், அணுக்களின் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் வழுக்குகின்றது என்பது பொருள். ஓரடுக்கு முழுவதும் ஒருங்கே அசைந்து, ஓர் அணுவளவு முன்சென்று, அடுத்த பள்ளங்களில் அமர்வதாயின் அதற்கு எவ்வளவு விசை வேண்டும்? 1926இல் உருசிய அறிஞர் ஃபிரெங்கெல் இதனைக் கணித்தார். அவர் முறைப்படி, உலோகத்தின் விறைப்பு மட்டை ஆறேகாலால் வகுத்தால் வருவதே அவ்விசை. செம்புக்கு அது சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 7,600 நியூற்றன் ஆகும். பின்வந்தோர் கணக்கைச் செம்மைப்படுத்திச் சற்றொப்ப 1,600 நியூற்றனாகக் குறைத்தனர். ஆனால் தூய செம்பின் தனிப்பளிங்கு ஒன்றைச் சோதனைச்சாலையில் இழுத்துப் பார்த்தால், சதுர மில்லிமீற்றருக்கு ஒரு நியூற்றன் அளவிலேயே அதன் அடுக்குகள் வழுக்கத் தொடங்கிவிடுகின்றன.

கணக்குக்கும் காட்சிக்கும் இடையே ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு! அளவையிலே சிறு பிழை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. அடுக்கு முழுவதும் ஒருங்கே அசைகின்றது என்ற எடுகோளே தவறாயிருத்தல் வேண்டும்.

பாதிமலையில் முடியும் நிரை

விடை 1934இல் கிடைத்தது. இங்கிலாந்தில் டெய்லர், ஹங்கேரியிற் பிறந்த பொலானி, அந்நாட்டவரேயான ஒரோவான் என்னும் மூவர், ஒருவரையொருவர் சாராது, அவ்வொரே ஆண்டில் ஒரே கருத்தை வெளியிட்டனர். ஆங்கிலத்திலே அதற்கு டிஸ்லொக்கேஷன் என்று பெயர். அஃது யாதென்பதைத் தேயிலை மலையிலே காண்போம்.

மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் செல்லும் ஒரு சரிவு. அதிலே உச்சியிலிருந்து அடிவரை தேயிலைச் செடிகள் நிரைநிரையாக நடப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அடிப்பகுதியில் 20 நிரைகள். மேற்பகுதியில் இடம் அகன்றிருத்தலால் 21 நிரைகள். அவ்வாறாயின் ஏதோ ஒரு நிரை மேலிருந்து வந்து பாதிமலையில் முடிந்துவிடவேண்டும். அந்நிரை பிடித்துக் கொழுந்தெடுத்து இறங்கும் பெண், நடுச்சரிவிலே தன் நிரை அற்றுப்போவதைக் காண்பாள். அம்முனையிலிருந்து மேலே ஏறிப் பார்த்தாலும் கீழே இறங்கிப் பார்த்தாலும், சற்றுத் தொலைவில் எல்லா நிரைகளும் ஒழுங்காகவே இருக்கும். அவ்வரை நிரையின் முனையைச் சூழ்ந்த சிறிய இடத்தில் மட்டுமே செடிகள் நெருங்கியும் விலகியும் நிற்கும்.

உலோகத்தின் சாலகத்திலும் இத்தகைய அரை நிரைகள் உள. மலையின் பரப்பில் நிரை என்பது, முப்பரிமாணமுடைய பளிங்கிலே ஒரு தாளாக, அணுத்தளமாக அமையும். அத்தளம் முடியும் விளிம்பு ஒரு கோடாகப் பளிங்கினூடே ஓடும். இனி, மேற்பாதியைப் பக்கவாட்டிலே மெல்லத் தள்ளினால் யாது நிகழும்? அரை நிரையின் முனை, பக்கத்து நிரையின் கீழ்ப்பாதியோடு இணைந்து முழு நிரையாகிவிடும். இணைப்பிழந்த பக்கத்து நிரையின் மேற்பாதி இப்பொழுது அரை நிரையாக நிற்கும். அதுவும் தன் அடுத்த நிரையோடு இவ்வாறே செய்யும். ஒவ்வோர் அடியிலும் அசைபவை முனையை அண்டிய சில அணுக்களே. அவையும் ஓர் அணுவிடையினும் குறைந்த தூரமே அசைகின்றன. இவ்வாறு முனை மலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சென்றவுடன் மேற்பாதி முழுவதும் ஓர் இடம் நகர்ந்துவிடும். ஒருங்கே அசையாது, ஒன்றன்பின் ஒன்றாக அசைவதனாற்றான் ஆயிரத்தில் ஒரு பங்கு விசை போதுமாயிற்று.

இக்கருத்து இருபத்திரண்டு ஆண்டுகள் கருத்தாகவே இருந்தது. 1956இல் கேம்பிரிட்ஜிலே ஹிர்ஷ், ஹோர்ன், வீலன் என்போர் மெல்லிய அலுமினியத் தகட்டை இலத்திரன் நுணுக்குக்காட்டியிலிட்டு, அக்கோடுகள் நகர்வதைக் கண்ணாற் கண்டனர்.

உவமைகளின் எல்லை

இதனை விளக்க ஆசிரியர்கள் கையாளும் உவமைகள் பல. அவற்றை எடைபோட்டுப் பார்த்தல் நன்று. விஞ்ஞானத்திலே பிழையான உவமை பிழையான சூத்திரத்தினும் நெடுங்காலம் வாழும்.

முதலாவது, விரிப்பின் மடிப்பு. தரையிலே விரித்த பெரிய படங்கொன்றை ஒரு முனையிற் பிடித்து இழுத்தால் அஃது எளிதில் வாராது. ஒரு கரையில் சிறு மடிப்பை உண்டாக்கி, அம்மடிப்பைக் கையால் மறுகரைவரை தள்ளிச் சென்றால், படங்கு முழுவதும் ஒரு சாண் நகர்ந்துவிடும். குறைந்த விசை ஏன் போதும் என்பதை இவ்வுவமை மிக நன்றாக உணர்த்துகின்றது. ஆனால் படங்கிலே ஒரு மடிப்பே உண்டு. அதன் வழியை மறிப்பார் இல்லை. ஆகவே வளைத்த கம்பி ஏன் இறுகுகின்றது என்னும் வினாவுக்கு இவ்வுவமையில் விடையில்லை. இதனோடு நின்றுவிடும் மாணவன் உலோகம் ஏன் வலுவற்றது என்பதை அறிவான். ஏன் வலியது என்பதை அறியான்.

இரண்டாவது, நாம் மேலே கூறிய தேயிலை நிரை. இடஅமைப்பை இது தெளிவாகக் காட்டும். செத்த செடியின் குழி, அணுவொன்று இல்லாத வெற்றிடத்துக்கு ஒப்பாகும். செடிகளுக்கு நடுவே நிற்கும் நிழல் மரம், புகுந்த வேற்றணுவுக்கு ஒப்பாகும். வேறு வேறு திசையில் நடப்பட்ட இரு மலைகள் சந்திக்கும் இடம், மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைக்கு ஒப்பாகும். எனினும் செடிகள் வேரூன்றியவை, நகரா. அசைவைக் கற்பனையாற் சேர்த்துக்கொள்ளவேண்டிய உவமை இது.

மூன்றாவது, பிராக் மைந்தரும் நை என்பாரும் 1947இல் வெளியிட்ட சவர்க்காரக் குமிழி மாதிரி. சவர்க்கார நீரின் மேற்பரப்பில், ஒன்றோ இரண்டோ மில்லிமீற்றர் குறுக்களவுள்ள ஒரே அளவுக் குமிழிகளை நெருங்க மிதக்கவிட்டால், அவை தாமாகவே நிரைகளாக அமைகின்றன. வெற்றிடமும் அரை நிரையும் மணி எல்லையும் அங்கே தாமாகத் தோன்றுகின்றன. கரையை மெல்ல அழுத்தினால் அரை நிரைகள் விரைந்தோடுகின்றன. பெயின்மன் தம் புகழ்பெற்ற விரிவுரை நூலில் இவ்வாய்வுரையை முழுமையாகவே சேர்த்துக்கொண்டார். அசைவும் அமைப்பும் ஒருங்கே விளங்குதலின் மூன்றனுள் இதுவே தலையாயது. ஒரு தட்டும், சவர்க்காரமும், நுண்ணிய குழாயும், சீராகக் காற்றூட்டும் வழியும் இருந்தால் போதும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையிலும் இதனைச் செய்து காட்டலாம்.

ஒன்று மெலிவிக்கும், பல வலுவூட்டும்

இதுகாறும் கூறியவற்றால் 'குறைபாடு' என்னும் பெயர் தகுந்ததே எனத் தோன்றும். அரை நிரை உலோகத்தின் வலிமையை ஆயிரத்தில் ஒன்றாக்கிவிட்டதன்றோ? மேலும் ஒரு சான்றும் அதற்குத் துணை நிற்கின்றது. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஹெரிங், கால்ட் என்போர், வெள்ளீயத்திலிருந்து மயிரிழைபோல் முளைக்கும் நுண்பளிங்குகளைச் சோதித்து, அவை ஏறக்குறையக் கணக்கில் வரும் வலிமையையே உடையன என்று கண்டனர். 1956இல் பிரென்னர் என்பார் சோதித்த இரும்பு மயிரிழை ஒன்று சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 13,000 நியூற்றன் வரை தாங்கிற்று. சாதாரண மென்னுருக்கு 400 நியூற்றன் அளவிலே அறுந்துபோகும். ஆகவே பிறழ்ச்சியற்ற பளிங்கு வலியதே. ஆயின் அத்தகைய பளிங்கு மயிரினும் மெல்லிய இழையாகவன்றிக் கிடைப்பதில்லை. அலவாங்கு ஒன்றை அவ்வாறு ஆக்குதல் இயலாது.

எனின், அலவாங்கின் வலிமை எங்கிருந்து வந்தது? இங்கேதான் அச்சொல் நம்மைக் கைவிடுகின்றது.

தடித்த செம்புக் கம்பி ஒன்றை எடுத்து நெருப்பிலே சிவக்கக் காய்ச்சி ஆறவிடுக. அதனைச் சிறுவனும் விரலால் வளைத்துவிடுவான். வளைத்ததனை நிமிர்த்தச் சொல்லுக, அவன் இடர்ப்படுவான். இன்னும் சிலமுறை வளைத்தபின் அது விறைத்து, இறுதியில் முறிந்துவிடும். முறியுமுன் மீண்டும் காய்ச்சினால் பழையபடி இளகும். கம்பியிலே புதிய பொருள் எதுவும் சேரவில்லை, எதுவும் நீங்கவுமில்லை. மாறியது அரை நிரைகளின் தொகை ஒன்றே.

காய்ச்சி ஆறிய உலோகத்திலே ஒரு சதுர சென்ரிமீற்றர் வெட்டுமுகத்தைப் பத்து இலட்சம் முதல் பத்துக்கோடி வரையான பிறழ்வுக் கோடுகள் ஊடறுத்துச் செல்கின்றன. அடித்தும் இழுத்தும் வேலை செய்த உலோகத்தில் அத்தொகை ஓர் இலட்சம் கோடி வரை பெருகுகின்றது. அதாவது, ஒரு கன சென்ரிமீற்றர் உலோகத்தில் உள்ள கோடுகளை முனையோடு முனை சேர்த்தால் ஒரு கோடி கிலோமீற்றர் நீளும். இப்பூமிக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட தூரத்தை இருபத்தாறு முறை அளக்கலாம். இவ்வாறு அவை எவ்வழியாற் பெருகுகின்றன என்பதை 1950இல் ஃபிராங்க், ரீட் என்னும் இருவர் விளக்கினர். பெருகிய கோடுகள் வெவ்வேறு தளங்களில் ஓடி, ஒன்றையொன்று குறுக்கிட்டு, சிக்குண்டு நின்றுவிடுகின்றன. எளிதாய் ஓடிய ஒன்று மெலிவுக்குக் காரணமாயிற்று. ஓடவொட்டாது ஒன்றையொன்று தடுக்கும் பல வலிமைக்குக் காரணமாயின. கோடுகளின் அடர்த்தி நான்கு மடங்கானால் அவற்றால் வரும் வலிமை இரு மடங்காகும் என்பது பொதுவிதி.

இதன் பயனை ஹற்றனுக்கு அப்பால் லக்சபானாவிலே காணலாம். விமலசுரேந்திர கனவுகண்ட அந்நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. மலைக்கு மலை தூணூன்றி மின்னைக் கொண்டுசெல்லும் கம்பி, தன் பாரத்தையும் காற்றின் வேகத்தையும் தாங்கவேண்டும்; மின்னையும் தடையின்றிக் கடத்தவேண்டும். செம்பை எடுத்துக்கொண்டால், காய்ச்சி ஆறிய நிலையில் அது சதுர மில்லிமீற்றருக்கு 220 நியூற்றன் அளவே தாங்கும். துத்தநாகம் கலந்து பித்தளையாக்கினால் வலுக்கும். ஆயின் நூற்றுக்கு முப்பது பங்கு துத்தநாகமுள்ள பித்தளையின் மின்கடத்துதிறன் செம்பினதில் கால்பங்கை ஒட்டியே நிற்கும். அச்சுத் துளைகளின் வழியே குளிர்நிலையில் இழுத்து மெலிவித்த செம்புக் கம்பியோ 400 நியூற்றனுக்கு மேலும் தாங்கும்; கடத்துதிறனில் அஃது இழப்பது நூற்றுக்கு மூன்று பங்கே. அலுமினியக் கம்பிக்கும் இம்முறையே பொருந்தும். பிறழ்வுகளைப் பெருக்குதலே இங்கே மிகக் குறைந்த விலையில் வலிமை வாங்கும் வழியாயிற்று. இதனைக் 'குறைபாட்டை மிகுவித்தல்' என்று எழுதினால் மாணவன் நகைக்கமாட்டானா?

தடை செய்வார் பலர்

நிரைகளின் ஓட்டத்தைத் தடுப்பவை அவை மட்டுமல்ல. ஸ்டோரிலே கொழுந்து உருளும் மேசைக்கு வழிவழியாகப் பித்தளையே இடுவர். செம்பணுவினும் சற்றுப் பெரிய துத்தநாக அணுக்கள் சாலகத்தை ஆங்காங்கே நெருக்கி, ஓடிவரும் பிறழ்வைப் பிடித்து நிறுத்துதலின் பித்தளை செம்பினும் வலியதாயிற்று. மணிகளின் எல்லையும் ஒரு தடையே. ஒரு மணியின் நிரை அடுத்த மணிக்குள் நேரே செல்லாது. மணி சிறிதாகுந்தோறும் உலோகம் வலுக்கும் என்பதை 1951இல் ஹோலும் 1953இல் பெட்சும் நிறுவினர்.

எல்லாவற்றினும் நுட்பமானது கவ்வாத்துக் கத்தியின் கதை. உருக்கிலே இரும்பு அணுக்களினிடையே கரி அணுக்கள் உள்ளன. செஞ்சூட்டிலே இரும்பின் சாலகம் வேறொரு வடிவங்கொண்டு கரியை எளிதில் ஏற்கும். ஆறியபின் அமையும் சாலகத்திலோ கரிக்கு இடம் மிகச் சிறிது. மெல்ல ஆறவிட்டால் கரி வெளியேறிவிடும். கொல்லன் அதனைச் சட்டென நீரில் தோய்க்கும்போது கரிக்கு வெளியேற அவகாசமில்லை. சிக்கிய கரி சாலகத்தையே கோணச் செய்து, பிறழ்வுகள் அசையவொண்ணாத இறுக்கத்தை விளைக்கின்றது. கத்தி மிகக் கடினமாகின்றது. கண்ணாடிபோல் நொறுங்கவும் செய்கின்றது. ஆதலின் அதனை மீண்டும் இளஞ்சூடு காட்டுவர். ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் மேற்பரப்பு வைக்கோல் நிறம் பெறும். 300 பாகையளவில் நீலமாகும். நிறம் ஏறுந்தோறும் கடினம் குறைந்து உறுதி கூடும். உலர்ந்த சாணைச் சக்கரத்திலே விரைந்து தீட்டிய கத்தியின் வாயில் நீலம் பாய்ந்தால், கொல்லன் வைத்த பதம் கெட்டது என்பதே பொருள். அத்தகைய கத்தி தண்டை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய தண்டிலே காயம் சீராக ஆறுவதில்லை. தீட்டுக்கல்லிலே நீர்விட்டுத் தீட்டும் தோட்டத்து வழக்கம் காரணமின்றி வந்ததன்று.

இவ்வறிவு இம்மலைகளுக்குப் புதிதுமன்று. மலைநாட்டின் தென்சரிவிலே சமனலவாவிப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கின என்பதைத் தொல்பொருளாய்வாளர் ஜூலெஃப் 1996இல் வெளியிட்டார். பலாங்கொடைப் பக்கத்தில் எஞ்சியிருந்த மூசை உருக்குத் தொழிலை ஆனந்த குமாரசுவாமி தமது 1908ஆம் ஆண்டு நூலில் விவரித்துள்ளார். அக்கொல்லர் அணுவை அறியார். ஆயினும் காய்ச்சல், தோய்த்தல், அடித்தல் என்னும் மூன்றாலும் அணுவின் நிரையை ஆண்டனர்.

இருபுறப் பிழை

இவ்விடத்தில் மற்றொரு பிழையையும் கண்டித்தல் கடன். குறைபாடே வலிமை தரும் என்ற செய்தியைக் கேட்டவுடன் அதனை வாழ்க்கைக்கு உபதேசமாக்கி மேடையிலே முழங்குவோர் உளர். துன்பம் மனிதனை வலியனாக்கும் என்பதற்கு உலோகமே சான்று என்பர். தோட்டத் தொழிலாளரின் வாழ்வைக் குறித்து இவ்வாறு பேசுதல் பொறுக்கத்தக்கதன்று. ஒழுகும் லயத்தைப் பொறுமையின் பள்ளியாகக் காட்டுவதற்கு விஞ்ஞானம் துணைபோகாது. உலோகமும் அவ்வாறு சொல்லவில்லை. அடியுண்ட உலோகம் வலுக்கின்றது. அதனுடன் வளையும் இயல்பையும் இழக்கின்றது. இழந்தபின்னும் அடித்தால் முறிகின்றது. இடையிடையே காய்ச்சி ஆறவிடும் கொல்லனுக்கு இது தெரியும், உபதேசிக்குத் தெரிவதில்லை.

தண்டவாளம் இதற்குத் தக்க சான்று. நாவலப்பிட்டிக்கு மேலே புகைவண்டிப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 44 அடிக்கு ஓரடி ஏறும் சரிவும், ஏறத்தாழ நூறு மீற்றர் ஆரையே உடைய வளைவுகளும் அப்பாதையில் உள. அத்தகைய வளைவிலே சில்லுகள் ஓயாது உருளுதலால் தண்டவாளத்தின் மேற்றோல் பிறழ்வுகள் செறிந்து இறுகுகின்றது. தேய்வைத் தாங்க அவ்விறுக்கம் உதவுகின்றது. ஆயினும் பிறழ்வுகள் முன்னும் பின்னும் ஓயாது அசைந்தால் மேற்பரப்பில் மெல்லிய வழுக்கற் பட்டைகள் தோன்றும் என்பதையும், அவற்றினின்றே வெடிப்புப் பிறக்கும் என்பதையும் யூவிங்கும் ஹம்ஃபிரியும் 1903இலேயே கண்டனர். வலிமை தந்த அதுவே களைப்பையும் தருகின்றது.

வெடிப்பு என்பதோ வேறொரு சாதியைச் சேர்ந்தது. அதன் நுனியிலே தகைப்பு பன்மடங்காகக் குவியும் என்பதையும், குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிய வெடிப்பு தானே ஓடத் தொடங்கும் என்பதையும் கிரிஃபித் 1921இல் வெளியான ஆய்வுரையில் விளக்கினார். வார்ப்பிலே நின்றுவிட்ட காற்றுப் பொள்ளல், உருக்கிலே கலந்த கசடு, மேற்பரப்பின் வெடிப்பு ஆகிய இவை ஐயமின்றிக் குற்றங்களே. இவற்றைத் தேடிக் கண்டு நீக்குதல் பொறியாளன் கடமை. சாலகத்தின் அரை நிரையையும் தண்டவாளத்தின் வெடிப்பையும் 'குறைபாடு' என்ற ஒரே சொல்லால் வழங்குதல், ஊறுகாய்க்கு இட்ட உப்பையும் சோற்றிலே கிடந்த கல்லையும் ஒரே பெயரால் அழைத்தல் போலாம்.

சொல் எதுவாகுக?

'குறைபாடு' என்பது பொருளளவிலும் பொருந்தவில்லை. வெற்றிடத்தில் ஓர் அணு குறைகின்றது, உண்மை. இடைபுகுந்த அணுவும் அரை நிரையும் குறைவன அல்ல, மிகுவன. வெற்றிடங்கூட முற்றிலும் பிழை எனப்படாது. தனிப்பூச்சியத்துக்கு மேற்பட்ட எவ்வெப்பநிலையிலும், சமநிலையிலுள்ள பளிங்கிலே வெற்றிடங்கள் சில இருந்தே தீரும். உருகுநிலையை அணுகும் செம்பில் பத்தாயிரம் இடங்களுக்கு ஒன்றிரண்டு இடம் வெறுமையாயிருக்கும். இயற்கை தானே வேண்டி வைத்துக்கொண்டதனைக் குறை என்பது முறையோ? அரை நிரைக்கு இவ்வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். அது பளிங்கு வளரும்போதும் வளையும்போதும் நேர்ந்து எஞ்சுவது. எனவே இவையனைத்தையும் ஒரே தராசில் நிறுக்கும் பெயர் எதுவும், நன்மை தீமை கூறாத நடுநிலைப் பெயராயிருத்தல் நலம்.

தமிழிலே கலைச்சொல் ஆக்கம் இருவழியாக நடந்துள்ளது. தமிழகத்தார் படிகம் என்பதனை இலங்கையர் பளிங்கு என்பர். இங்குச் சாலகம் எனப்படுவது அங்கு அணிக்கோவை எனப்படும். இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பித்தற்குச் செய்த தொண்டு பெரிது. ஆயினும் டிஸ்லொக்கேஷன் என்பதனை இடப்பெயர்ச்சி என்றோ அதனை ஒத்த சொல்லாலோ குறிப்பின், இயக்கவியலிலே திசையோடு கூடிய தூரத்தைக் குறிக்கும் இடப்பெயர்ச்சி என்னும் சொல்லோடு அது மயங்கும். ஆதலின் ஒரு முன்மொழிவு: சாலக ஒழுங்கில் நேரும் எல்லா வேறுபாட்டுக்கும் பொதுப்பெயராக 'ஒழுங்குப் பிறழ்வு', அவற்றுள் அரை நிரையால் வருவதற்கும் அதன் இனமாகிய திருகு வகைக்கும் 'நிரைப் பிறழ்வு', வெடிப்பு, பொள்ளல், கசடு முதலியவற்றுக்கு மட்டும் 'குறைபாடு'.

பழகிய சொல்லை மாற்றுதல் பரீட்சைக்குச் செல்லும் மாணவர்க்கு இடர் விளைக்கும் என்று ஆசிரியர்கள் மறுக்கலாம். நியாயமான மறுப்பே. பரீட்சைத் தாளில் வழக்கிலுள்ள சொல்லே இருக்கட்டும். வகுப்பறையில் அதன் பொருளெல்லையை ஆசிரியர் உணர்த்தட்டும். அச்சொல்லைச் சொன்னவுடன் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்புதல் போதும்: எத்தனை உள? எவ்வாறு அமைந்துள்ளன? அசைய வல்லனவா? இம்மூன்றுக்கும் விடையறியாது ஓர் உலோகத்தின் பிறழ்வுகளை நன்றென்றும் தீதென்றும் கூறுதல் இயலாது.

நிரை என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. தோட்டப் பாடசாலைகள் 1970களில் தொடங்கிப் படிப்படியாகவே அரசின் பொறுப்புக்கு வந்தன. நெடுங்காலம் அங்கே விஞ்ஞானம் என்பது நகரத்திலிருந்து வந்த நூலிலுள்ள அயற்பொருளாகவே இருந்தது. 'நிரை பிடித்தல்' என்பது அப்பிள்ளைகளின் வீட்டிலே நாள்தோறும் வழங்கும் தொடர். தாயும் பாட்டியும் நின்று உழைத்த அந்நிரையே அணுவுலகின் அமைப்பை விளக்கும் கருவியாகும்போது, பாடம் அவர்தம் அறிவின் தொடர்ச்சியாகின்றது. உழைப்பின் சொல் கலைச்சொல்லாதல் தமிழுக்குப் புதிதன்று. உழவின் சொற்களும் நெசவின் சொற்களும் இலக்கணத்திலும் மெய்யியலிலும் ஏறியுள்ளன.

தொகுத்துக் கூறின்: முற்றும் ஒழுங்கமைந்த பளிங்கு வலியது, ஆயின் அரிது; சில பிறழ்வுகள் உடையது மெலியது; பல பிறழ்வுகள் ஒன்றையொன்று தடுப்பது வலியது; வரம்பு மீறின் நொறுங்குவது. இந்நான்கு நிலையையும் ஒரு 'குறைபாடு' என்னும் சொல் தாங்காது. மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிலே சவர்க்காரக் குமிழியைத் தட்டில் மிதக்கவிட்டு, ஓடும் அரை நிரையை ஒரு மாணவி சுட்டிக்காட்டி, அதற்குத் தன் வீட்டுச் சொல்லாலேயே பெயர் கூறுவாளாயின், இம்முன்மொழிவின் பயன் அதுவே.